கைதட்டல் வாங்கிய சாக்கு

இதைக் கதை என்று சொன்னால் செயலாளருக்குக் கோபம் வரும். கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். எதையும் நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவார். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "முதல்ல கடைக்கு வந்து கண்ண டெஸ்ட் பண்ணிக்கங்க" என்று கிண்டல் செய்வார். இப்போது அந்தக் கிண்டல் இல்லை. சந்தேகம் இருந்தால், அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். நடந்தது இதுதான்.

வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு அவர் செயலாளராக இருக்கும் சேவைச் சங்கம் கூடும். வங்கிக்கு மேலே ஒரு மாடி அறை. கண் சிகிச்சை முகாம், ரத்த தானம் என்று பேச நிறைய விஷயம் இருக்கும். ஆனால் எல்லாரும் ஆசையாகக் காத்திருப்பது வேறொன்றுக்கு. சொல்லாமல் கொள்ளாமல் வராதவர்களுக்குச் செயலாளர் ஸ்பீக்கரில் போன் போடுவார். மாட்டிக்கொண்டவர் ஒரு சாக்குச் சொல்ல வேண்டும். நிஜமான காரணத்துக்கு மதிப்பே கிடையாது. காதில் பூச்சுற்றுகிற மாதிரி நல்ல பொய்யாக இருந்தால் கைதட்டல், மன்னிப்பு. போன மாதம் தையல்கடைக்காரர், வாடிக்கையாளர் ஒருவர் தவறுதலாக இவருடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டதால் கடையை விட்டு வெளியே வர முடியவில்லை என்று அளந்துவிட்டார். அறை அதிர்ந்தது.

மைக் அண்ணனுக்கு மட்டும் அப்படிப் போன் போட வேண்டி வந்ததே இல்லை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் மைக் கிடைத்தால் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். "டிரைவர்கிட்ட பேசாதீங்கன்னு போர்டு மாட்டி முப்பது வருஷம் என் வாயக் கட்டிப்போட்டாங்க. இப்பவாவது பேச விடுங்கப்பா" என்பார்.

அவர் கூட்டத்துக்கு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணி பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகுட்டி இல்லை. அண்ணிக்குக் கையும் அவர்தான், காலும் அவர்தான். வியாழன் மாலை மட்டும் பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து துணைக்கு உட்காருவார். வாரத்துக்கு அந்த ஒரு பொழுதுதான் அண்ணன் வெளிக்காற்று வாங்குவது. முதல் ஆளாக வந்து, கேட்காமலே நாற்காலிகளை எடுத்துப் போடுவார்.

அந்த வியாழன், நாற்காலிகள் சுவர் ஓரமாகவே கிடந்தன.

ஏழு இருபது. அண்ணன் வரவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும்! போடுங்க போன!" என்று தையல்கடைக்காரர் குதித்தார்.

செயலாளர் போட்டார். போனை மேசை நடுவில் வைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சரி, துண்டித்துவிடலாம் என்று அவர் விரலை நீட்டியபோது...

"தம்பி."

அண்ணன் குரல்தான். ஆனால் மிக மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. செயலாளரைத் தம்பி என்று கூப்பிட்டதும் இல்லை. எப்போதும் "மாண்புமிகு செயலாளர் அவர்களே"தான்.

"என்னண்ணே, சாக்கு ரெடியா?"

"எந்திரிக்க முடியல தம்பி. அவ தனியா இருக்கா."

சிரிப்பு கிளம்பியது.

"நான் கீழ கிடக்கேன். பின்கதவு தாழ் போடல. யாராவது வாங்க..."

"அடி சக்கை! இது புதுசு!" தையல்கடைக்காரர் எழுந்து நின்றே கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். செயலாளரும் தட்டினார்.

தட்டிக்கொண்டே போனைப் பார்த்தார். கை நின்றது.

திரையில் இன்னும் 'அழைக்கிறது' என்றே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. விநாடி ஓடத் தொடங்கவே இல்லை.

"அவகிட்ட... மெதுவா சொல்லுங்க" என்றது குரல்.

அப்புறம் மறுபடி மணி அடிக்கும் சத்தம்.

கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"டாக்டரம்மா, கிளம்புங்க" என்றார் செயலாளர். சங்கத்தின் தலைவி அந்த டாக்டரம்மாதான். அவர் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தார்.

நாலு தெரு தள்ளி வீடு. காரில் பறந்தார்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. நர்ஸ் ஊரில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் வீட்டில் விளக்கு இல்லை.

முன்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள்.

செயலாளர் கதவைத் தொட்டார்... திறந்துகொண்டது.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், சமையலறைத் தரையில் அண்ணன் குப்புறக் கிடந்தார். சட்டைப்பையில் போன். அதில் சார்ஜ் இல்லை. செத்துக் கிடந்தது.

டாக்டரம்மா அவர் கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"இப்ப இல்ல" என்றார். "நேத்து ராத்திரியே முடிஞ்சிருக்கு."

நேற்று ராத்திரி... அப்படியானால் அண்ணி?

ஒரு ராத்திரி, ஒரு பகல். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆள் இல்லாமல்...

செயலாளர் அண்ணி படுத்திருக்கும் அறைக்கு ஓடினார். விளக்கைப் போட்டார்.

அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

விரிப்பு புதிது. மடிப்புக்கூட கலையவில்லை. தலை சீவியிருந்தது. உதடு ஈரமாக இருந்தது.

மூலையில் ஒரு வாளி. பழைய விரிப்பு அதில் ஊறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா நாடி பார்த்தார். சீராக இருந்தது.

செயலாளர் கட்டிலருகே மண்டியிட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணி... அண்ணன்..."

"ஷ்ஷ்... சத்தம் போடாதீங்க." குழறல் பேச்சு. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "இப்பதான் போனார். பாவம், நேத்து ராத்திரியிலேருந்து உக்காரவே இல்ல. உள்ள ஏதோ பொத்துனு விழுந்துச்சு. பயந்துபோய்க் கூப்பிட்டேன். உடனே வந்துட்டார். அப்பலேருந்து தண்ணி கொடுக்கறதும் திருப்பிப் படுக்க வைக்கறதும்தான். ஒரு வார்த்தை பேசல. என்மேல என்ன கோபமோ..."

டாக்டரம்மா மூலையில் இருந்த வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"கைதான் தம்பி... அப்படி ஜில்லுனு இருந்துச்சு. வெறுந்தரையில படுத்திருப்பார். ஒரு போர்வை எடுத்துப் போத்திவிடுங்க."