பழக்காத கம்பி

கம்பி மறுபடியும் அறுந்தது. இந்த முறையும் பிடியின் ஓரத்தில்தான்.

சோதனைக்கூடத்தில் அவளைக் கம்பியக்கா என்பார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பிக் கற்றையை இயந்திரத்தில் மாட்டுவது அவள் வேலை. இழுத்தால் கம்பி சுடும். அந்தச் சூட்டை விசிறி வெளியே தள்ளிவிடும். விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிச் சில்லிடும். அந்தக் குளிர் பெட்டிக்குள் போகும்; அதுதான் இவர்களுடைய புது ஃபிரிட்ஜ். கேஸ் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. கம்பி அறுவது மட்டும் உண்டு.

அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

“உன் பெட்டி குளுந்தா என் பொழப்பு போச்சு. குளுரலைன்னா உன் பொழப்பு போச்சு. எப்படியும் வீட்ல ஒருத்தர் சும்மாதான் உக்காரப்போறோம்.”

“உக்கார்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டு ஃபிரிட்ஜைப் பாருங்க. உள்ள வெச்ச தண்ணியில குளிக்கலாம் போல இருக்கு.”

மறுநாள் காலை நிதி கொடுக்கும் அதிகாரி வருகிறார். பெட்டி குளிர்ந்தால்தான் வேலை தொடரும். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் போதும். அவளுக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. “எல்லாமே தொலைங்க” என்று கற்றை முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டினாள்.

காலையில் வந்த அதிகாரி பெட்டிக்குள் கையை விட்டார்.

“வெளிய இருக்கற மாதிரிதானே இருக்கு?”

சோதனைக்கூடத்தை நடத்தும் ஆய்வாளர் அவளைப் பார்த்தார். அவள் கற்றையைப் பார்த்தாள். கம்பிகள் தொய்ந்து கிடந்தன. புதுக் கம்பி நீண்டால் முழுதாகத் திரும்பாது. பலமுறை இழுத்து விட்டுப் பழக்கிய பிறகே பெட்டியில் மாட்ட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான்.

“என் தப்பு சார். பழக்காம மாட்டிட்டேன்.”

“எப்பப் பழகும்?”

“ஓடவிட்டா சாயங்காலத்துக்குள்ள.”

“எனக்கு மத்தியானம் ரயில்.” அவர் பையை எடுத்துக்கொண்டார். “அடுத்த மாசம் வரேன். இதே கம்பி இருக்கணும். எவ்வளவு நாள் தாங்குதுன்னும் பார்த்துடலாம்.”

ஆய்வாளருக்கு மூச்சு வந்தது. அவளுக்கு நின்றது. ஒரு மாதமா? எந்தக் கற்றையும் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை.

தொய்வை இறுக்கி ஓடவிட்டாள். மாலையில் பெட்டி சில்லென்று இருந்தது.

“காலையில என்ன கேடு வந்துச்சு உனக்கு?” என்றாள் கற்றையிடம்.

பிறகு திருகைத் திருப்பி இழுக்கும் தூரத்தைக் குறைத்தாள். குளிர் குறையும். கம்பி இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். எவ்வளவு குளிர் குறைந்தால் எவ்வளவு நாள் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு சுற்று குறைத்தாள்.