முப்பத்திரண்டு அட்டை, ஒரே வாக்கு

கடவுளுடைய வாக்குத்தத்தத்தை எட்டுத் தடவை போட்டோ கொப்பி எடுத்த பாவி நான்தான். அதைப் பதுளையில் உள்ள கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஸ்டோரில் இருந்த முப்பத்திரண்டு குடும்பமும் அதை அற்புதம் என்றே இன்றுவரை நம்புகிறது. அற்புதத்தைப் பிடித்துக்கொண்டவர்களிடம் போட்டோ கொப்பி பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. எங்கள் தோட்டத்து ஸ்டோர் மூடிப் பல வருஷமாகிவிட்டது. கார்த்திகை மழையில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மலை வெடித்தபோது, மூன்று லயத்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். கொழுந்து வாட்டும் மேல்மாடி எங்களுக்கு. ஒரு காலத்தில் அங்கே கொழுந்தைப் பரப்பி வாட்டினார்கள், இப்போது எங்களைப் பரப்பியிருந்தார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு பெட்ஷீட். அந்தப் பெட்ஷீட்டும் நிவாரணத்தில் வந்ததுதான், யாரோ புண்ணியவான் பயன்படுத்திச் சலித்தது.

மூன்று லயத்தில் மண்ணுக்குள் போனது எங்களுடையது மட்டும். குடும்பத்துக்கு ஒரு அறையாக இருந்த பன்னிரண்டு காம்பராவும் போயின. ஆட்கள் எல்லோரும் முதலிலேயே இறங்கிவிட்டோம், என் மாமியாரைத் தவிர. அவரும் இறங்கித்தான் வந்தார். பாதி வழியில் நின்று, கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன் என்றார். என் கணவர், "சீக்கிரம் வாம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் காம்பராவில் திருடன் எடுத்துப் போவதற்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாமியார் திரும்பிப் போனார். மலை இறங்கி வந்தது.

இராணுவத்துப் பையன்கள் இயந்திரம் வைத்து ஒன்பது நாள் தோண்டினார்கள். எங்கள் தகரம் கிடைத்தது, பக்கத்து வீட்டு அம்மிக்கல் கிடைத்தது, மாமியார் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் மழை கூடியதும் இயந்திரம் போய்விட்டது. அன்றிலிருந்து என் கணவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார். சிவப்புப் பலகை நட்டு, யாரும் ஏறக்கூடாது என்று எழுதிவைத்த இடத்துக்கு. அம்மாவை ஒழுங்காக அடக்கம் செய்ய வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த மலை இன்னொரு தடவை இறங்கினால் அவரையும் கொண்டுபோகும், அதுதான் எனக்குப் பயம். வேறு எதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வந்து சோற்றுப் பார்சலை எங்கள் கையில் கொடுத்து, படம் எடுத்து முடியும்வரை பார்சலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் கணவரின் தோளைத் தட்டி, "அன்னைக்கு மலை சரிஞ்ச மீரியபெத்தயிலயும் எத்தனையோ பேர் கிடைக்கலதானே" என்றார். அதைக் கேட்டதும் மனது நிறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. வீடு கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் இரண்டு கட்சி. இரண்டு கட்சிக்கும் எங்களை மறுபடி எழுப்பி நிறுத்துவதில் அவ்வளவு ஆர்வம், யார் எழுப்புவது என்பதில்தான் தகராறு.

இந்த நிலைமையில் வருஷப் பிறப்பு வந்தது.

எங்கள் பாஸ்டர் ஐயா ஒவ்வொரு ஜனவரி முதலாம் தேதி காலையும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார். ஒரு தட்டில் அட்டைகளைச் சுருட்டி வைத்திருப்பார், குடும்பத்துக்கு ஒருவர் வந்து கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் கடவுள் சொல்லும் வார்த்தை. லயத்தில் சபைக்குப் போகிற குடும்பம் எட்டோ ஒன்பதோதான். ஆனால் அட்டை எடுக்க எல்லோரும் வருவார்கள். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள். இலவசமாக ஒரு நல்ல வார்த்தை கிடைத்தால் அம்மன் ஏன் கோபிக்கப் போகிறாள்?

எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அட்டை எழுதும் வேலையை வருஷா வருஷம் என் தலையில்தான் கட்டுவார்கள். ஐயா எட்டு வசனம் குறித்துக் கொடுத்தார். ஒரு தாளில் ஒரு வசனத்தை நான்கு தடவை எழுத வேண்டும், அப்படி எட்டுத் தாள். பதுளைக்குப் போய்த் தடித்த தாளில் கொப்பி எடுத்து வெட்டினால் முப்பத்திரண்டு அட்டை. பயப்படாதே என்று ஒன்று, வழி காட்டுவேன் என்று ஒன்று, சமாதானம் தருவேன் என்று ஒன்று, இப்படி. எட்டையும் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

முப்பதாம் தேதி பெய்த மழையில் ஸ்டோர் கூரை ஒழுகியது. ஒழுகினால் எங்கே ஒழுகும்? என் தாள்களின் மேல்தான். ஏழு தாளும் மை கரைந்து நீலத் தண்ணீராகிவிட்டன. அடியில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. இழந்ததை எல்லாம் உனக்குத் திரும்பக் கொடுப்பேன் என்ற பொருளில் வரும் வசனம் அது.

மறுபடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்கள் நடுவில், பெட்ஷீட்டுக்குப் பின்னால், இருமிக்கொண்டிருந்த என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் இருபத்தெட்டு அட்டை எழுத எனக்கு மனமில்லை. மறுநாள் அந்த ஒரு தாளோடு பஸ் ஏறினேன். போட்டோ கொப்பிக் கடைக்காரரை நாங்கள் நானா என்போம், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே தாளா தங்கச்சி? எட்டும் இதேதானா?"

"இதேதான் நானா. எல்லாம் ஆண்டவரு சொன்னதுதானே."

"அது சரி," என்று சிரித்துக்கொண்டு இயந்திரத்தில் வைத்தார்.

என் கணக்கு இதுதான். லயத்தில் ஒவ்வொருவரும் தங்கள் அட்டையைத் தங்கள் காம்பராவுக்குள், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். அடுத்த வீட்டுக்கு என்ன வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஸ்டோரில் சுவர் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

முதலாம் தேதி காலை ஜெபம் முடிந்து எல்லோரும் அட்டை எடுத்தார்கள். எடுத்த கையோடு, ஒட்டுவதற்குச் சுவர் இல்லாததால், மாடியின் நடுவில் இருந்த மரத்தூணில் ஒருவர் பின் ஒருவராகக் குத்தினார்கள். பத்தாவது அட்டை வந்தபோது சத்தம் குறைந்தது. இருபதாவது வந்தபோது ஆட்கள் தங்கள் அட்டையையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் முழங்காலில் விழுந்தாள். அவ்வளவுதான், போதாக்குறைக்கு மழை வேறு அந்த நேரம் பார்த்து நின்றது.

எட்டு வசனம் கொடுத்த மனிதர் ஐயா. அவர் தூணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன். கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, மத்த ஏழு தாள்?"

"நனைஞ்சு போச்சுங்க ஐயா."

"நனைய விட்டதும் அவருதானே," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கப் போனார். இப்படி ஒரு வேலை எனக்குக் கிடைத்திருந்தால் நானும் நிம்மதியாக இருப்பேன்.

அடுத்த சில நாட்கள் ஸ்டோரில் இழந்ததைப் பட்டியல் போடுவதுதான் பொழுதுபோக்கு. ஒருவருக்கு டீவி, ஒருவருக்குச் சினை ஆடு. புருஷன் கொழும்புக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்ட ஒரு அக்கா தூணுக்கு முன்னால் நின்று, "எல்லாத்தையும்னு எழுதியிருக்கே, அவன மட்டும் வேணாம்னு சொல்லலாமா?" என்று என்னிடம் கேட்டாள். சொல்லலாம் என்றேன். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் என்ன கேட்கப் போகிறார் என்று அதுவரை யோசிக்கவில்லை.

அவர் எதையும் கேட்கவில்லை. சபைக்கு அதிகம் போகாத மனிதர். அம்மா போவார், இவர் வாசலில் நின்று அம்மாவின் குடையைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் எங்கள் குடும்பத்துக்காக அட்டை எடுத்த மறுநாளிலிருந்து பெரட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் ஆட்கள் வேலை வாங்கக் கூடும் நேரத்தில் இவர் மம்பட்டியோடு மலை ஏறினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோண்டியவர் தினமும் தோண்ட ஆரம்பித்தார். இரவில் திரும்பி வந்தால் முகத்தில் ஒரு தெளிவு. "கிடைச்சிரும். சொல்லிட்டாரே," என்பார். எனக்குச் சோறு இறங்காது.

எட்டாம் தேதியோ ஒன்பதாம் தேதியோ மறுபடி மழை பிடித்தது. கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்து, மேலே புது வெடிப்பு விழுந்திருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் அவரைக் கடந்து போனார். நான் ஐயாவிடம் ஓடினேன். நடந்ததை ஆட்களிடம் சொல்லிவிடுங்கள், குறைந்தபட்சம் இவரிடமாவது சொல்லுங்கள் என்றேன்.

"வாக்குத்தத்தம் பொய்யில்ல, தங்கச்சி. கொப்பி எடுத்தது நீ, கொடுத்தது அவரு."

"அவரு கொடுத்தது சரிங்க ஐயா. இவரு செத்துப் போயிருவாரே!"

ஐயா ஜெபிக்கிறேன் என்றார். ஜெபித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு நானே ஏறினேன்.

சேற்றில் இரண்டு தடவை விழுந்து, ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் காம்பரா இருந்ததாக அவர் நினைத்த இடத்தில் இடுப்பளவு குழியில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேலே, ஒரு ஆள் படுக்கும் அகலத்தில் மலையில் வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் மண்ணோடு வழிந்துகொண்டிருந்தது.

"மழையில நீ ஏன் ஏறி வந்த?" என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அட்டையெல்லாம் என் வேலைங்க. ஏழு தாள் நனைஞ்சு போச்சு. மிஞ்சின ஒண்ணையே எட்டுக் கொப்பி எடுத்தேன். நீங்க தட்டுல எதை எடுத்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மம்பட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்குன்னு அவரு ஒண்ணுமே சொல்லலையா?"

நாற்பத்தாறு வயது மனிதர், பிள்ளைக்காம்பராவில் தாய் வர நேரமான பிள்ளை கேட்பது போலக் கேட்டார். மாமியாரோடு பதினெட்டு வருஷம் சண்டை போட்டவள் நான். உப்புக்கும் சண்டை, புளிக்கும் சண்டை. இந்த மண்ணுக்குள் அவர் இருக்கிறார் என்பதை அந்த நிமிஷம்வரை நான் நின்று யோசிக்கவே இல்லை. யோசித்தேன். அழுதுவிட்டேன்.

"சொல்லியிருக்காரு," என்றேன்.

"என்னத்த?"

"திருப்பித் தர்றேன்னு. தோண்டி எடுத்துக்கன்னு சொல்லல. உங்கம்மா எங்க இருக்காங்கன்னு நமக்குத்தான் தெரியாது, அவருக்குத் தெரியும். அவரு கண்ணுக்கு அவங்க காணாமப் போகல. தர்றேன்னவரு தருவாரு. உங்க மம்பட்டிய நம்பியா அவரு வாக்குக் கொடுத்தாரு?"

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஐயாவின் பிரசங்கத்தில் பாதி நான் தூங்கியிருக்கிறேன்.

"எப்ப தருவாரு?"

"கடைசி நாள்ல. எல்லாரையும் எழுப்புற அன்னைக்கு. அன்னைக்கு இந்த மலையெல்லாம் அவருக்கு ஒரு கூடை மண்ணுங்க. இப்ப நீங்க மேல வாங்க."

அவர் குனிந்து குழியைப் பார்த்தார். பிறகு அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டார், சத்தமாக அல்ல, பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போவதுபோல. மம்பட்டியை மேலே எறிந்துவிட்டு என் கையைப் பிடித்து ஏறினார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிவப்புப் பலகையைத் தாண்டியதும் நின்றார்.

"நீ இத நம்புறியா?"

வாழ்நாள் முழுக்க வாய்த்துடுக்கோடு இருந்தவளுக்கு அப்போது ஒரு கிண்டல்கூட வரவில்லை. மேலே மலை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவார்.

"நம்புறேங்க," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார். அவர் என் வார்த்தையை நம்பி இறங்கிக்கொண்டிருந்தார். ஆக, அன்றிலிருந்து நான் நம்பித்தான் தீர வேண்டும்.