டீனோ என்று யாரும் இருந்ததில்லை

உபால்டோ சிசிலியாவுக்கு அறுபத்தாறு வயது. கரீபியன் கடலிலுள்ள பொனெய்ர் தீவின் மேற்குக் கரையில், உப்பளத்துக்குப் போகிற சாலையோரம் அவருடைய படகுக் குடிசை இருந்தது. இருந்தது என்றுதான் இனிமேல் சொல்லவேண்டும். தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை, நாலாவது பக்கம் கடல். உள்ளே ஒரு படகு, தூண்டில் கயிறுகள், அவர் மனைவி மெர்சலினா மீன் கழுவும் மேசை, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் முதலில் அவருடைய அப்பா உட்கார்ந்தார், அப்பாவுக்குப் பின் அவர் உட்கார்ந்தார். பத்திரம், பட்டா எதுவும் கிடையாது. அந்தக் கரையில் யாரிடம்தான் இருந்தது? எவன் படகை எங்கே இழுத்து ஏற்றுகிறானோ அது அவன் இடம். அதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

குடிசைக்கு முன்னால் ஒரு மஞ்சள் கல் உண்டு. முக்குளிக்க இறங்குகிற இடத்துக்கு அடையாளமாகக் கரை நெடுக வைத்த கற்களில் ஒன்று. விடுமுறைக்கு வருகிறவர்கள் வாடகை வண்டியின் பின்னால் காற்று உருளைகளை அடுக்கிக்கொண்டு, எந்த மஞ்சள் கல் கண்ணில் படுகிறதோ அங்கே ஓரங்கட்டி, கரையிலிருந்து அப்படியே நடந்து கடலுக்குள் இறங்குவார்கள். ஒரு மணி நேரம் மீன்களோடு மீனாகக் கிடப்பார்கள். ஏறி வந்து ஈர உடையை வண்டிக் கதவில் காயப்போட்டு, ரொட்டி தின்று, காலை நீட்டிக்கொள்வார்கள். அவசரப்படுவதற்கு அவர்களுக்குச் சொந்த ஊர் இருக்கிறது. இங்கே அவசரமில்லை.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர் இருக்கும். உபால்டோவின் குடிசை முன்னால் இருந்த கல்லின் பெயர்தான் அவர் குடியைக் கெடுத்தது.

நாற்பத்திரண்டு வருஷம் முன்னால், க்ளென் என்ற அமெரிக்க இளைஞன் அந்தக் கரைக்குத் தனியாக வந்து இறங்கினான். கடலில் இறங்கத் தெரியாமல் கடல்முள்ளெலியை மிதித்துவிட்டான். உபால்டோ அவனைக் குடிசைக்குத் தூக்கிவந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, காடியை ஊற்றிக் காலைக் கட்டினான். பாறையில் படகுகள் நுழைகிற வாய் எங்கே என்று காட்டிக்கொடுத்தான். அதன் வழியாகப் போனால் முள்ளும் குத்தாது, அலையும் அடிக்காது. நன்றிக்கு க்ளென் தான் முக்குளிக்கப் போடுகிற முகக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். "நீயும் பாரு" என்றான்.

உபால்டோ பிறந்ததிலிருந்து மீன் பிடித்த கடல் அது. அதன் அடியை அன்றுதான் பார்த்தான். மணல் சரிவில், பவளத்துக்குப் பக்கத்தில், அவன் அப்பாவின் நங்கூரம் கிடந்தது. கயிறு அறுந்து அது போனபோது அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சாகும்வரை அந்தக் கயிற்றை விற்றவனைத் திட்டினார். இதோ, ஒரு கொம்பில் மஞ்சள் கடற்பஞ்சு முளைத்து, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதுபோல் இருந்தது. மேலே வந்தபோது உபால்டோ சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. அன்று போல அதற்கு முன்னும் பின்னும் அவன் சந்தோஷமாக இருந்ததில்லை.

இருவரும் மீன் சுட்டுத் தின்றார்கள். க்ளென் சுற்றிலும் பார்த்து, தீவு மொழியான பாப்பியமெந்துவில் அரைகுறையாக, "இந்த எடம் யாரோடது?" என்று கேட்டான்.

உபால்டோ கையை அகல வீசி, "டி நோஸ்" என்றான்.

நம் தமிழில் 'எங்களுடையது' ஒன்று, 'நம்முடையது' ஒன்று. கேட்கிறவனைச் சேர்த்துக்கொண்டோமா, வெளியே நிறுத்தினோமா என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பாப்பியமெந்துவில் அந்த வசதி இல்லை. 'நாங்கள்', 'நாம்' இரண்டும் 'நோஸ்', அதனால் இரண்டுக்கும் ஒரே 'டி நோஸ்'தான்.

ஊருக்குப் புதிய க்ளென் காதில் விழுந்ததை நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் அவன் எழுதிய பெயரோடு அந்தக் கல் வந்தது. எழுத்தெல்லாம் அதே எழுத்துதான். நடுவில் இருந்த இடைவெளி காணாமல்போய், கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கொக்கி முளைத்திருந்தது. கொக்கியோடு படித்தால் ஆங்கிலத்தில் 'டீனோ என்பவனுடையது' என்று பொருள். உபால்டோ விழுந்து விழுந்து சிரித்தான். எழுத்துப்பிழைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றான்.

க்ளென் முக்குளிப்பு நிலையம் தொடங்கினான். மீன் இல்லாத மாதங்களில் உபால்டோவுக்கு அங்கே வேலை. உருளை தூக்குவது, வண்டி கழுவுவது, வருஷம் ஒருமுறை கல்லுக்கு மஞ்சள் பூசிக் கறுப்பில் பெயர் எழுதுவது. நல்ல கையெழுத்து அவருக்கு. கொக்கியைக்கூட அழகாக வளைத்துப் போடுவார். சில வருஷங்களில் க்ளென் அந்த மொழியை நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டான். சொன்னது என்ன, எழுதினது என்ன என்று அவனுக்கும் விளங்கியது. அதற்குள் அதே எழுத்துகளை 'டைனோ' என்று படித்து, டைனோசர் படம் போட்ட பனியன்கள் அச்சாகி வந்திருந்தன.

"பேரு நல்லா ஓடுது உபால்டோ, இனிமே மாத்தவேண்டாம்" என்றான் க்ளென்.

"சரி" என்றார் உபால்டோ. அவர் வாயில் எப்போதும் அந்தச் சொல்தான் முதலில் வரும்.

வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், டீனோ யார் என்று. உபால்டோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒருநாள் அது இங்கே திரிந்த கழுதை. ஒருநாள் வாடகை கொடுக்காமல் ஓடிப்போன சமையல்காரன். ஒருநாள் இத்தாலிக்கார மாலுமி, கப்பல் உடைந்து கரையேறி, உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இதே குடிசையில் செத்தவன். மாலுமிக் கதை எல்லாருக்கும் பிடித்தது. யாரோ அதை வழிகாட்டிப் புத்தகத்தில் போட்டார்கள். கீழே கிடந்த நங்கூரத்துக்கும் வரைபடத்தில் பெயர் ஏறியது, டீனோவின் நங்கூரம் என்று. அதை மேலே எடுக்கவும் முடியாது. இந்தக் கடலடியிலிருந்து ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்கக்கூடாது என்பது சட்டம். மெர்சலினா மட்டும் சிரிக்கவில்லை.

"உங்கப்பன் நங்கூரத்த எவனோ ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்துட்டு பல்ல வேற காட்டுறியா?" என்றாள்.

"டீனோன்னு எவன்டி இருக்கான்? இல்லாதவன் வந்து எதை எடுத்துக்கப்போறான்?"

போன வருஷம் தீவு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. க்ளெனுடைய நிலையம் அந்தக் கரைத்துண்டைக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. முக்குளிக்கிறவர்களுக்கு நிழற்கூரை, நல்ல தண்ணீர்க் குழாய், பெஞ்சுகள் போடப்போகிறார்களாம். குடிசை அகற்றப்படும், ஆட்சேபனை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தது. குடிசை போனால் படகு ஏற்ற இடமில்லை. படகு இல்லையென்றால் உபால்டோ வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவேண்டியதுதான்.

விசாரணை அதிகாரி சரைடா, அதே தீவுப் பெண். அவள் அம்மா மெர்சலினாவிடம்தான் மீன் வாங்குவாள். முன்கூட்டியே உபால்டோவை ஓரமாகக் கூப்பிட்டு, "பயப்படாதீங்க மாமா. நிலையம் வர்றதுக்கு முன்னாடியே அது உங்க குடும்பத்து எடம்னு ஒரு அத்தாட்சி இருந்தாப் போதும். கல்லுல இருக்கற பேரே சாட்சி. நீங்க சொன்ன சொல்லத்தானே அவங்க தப்பா எழுதினாங்க? அத அப்படியே சொல்லுங்க" என்றாள். உபால்டோவுக்கு நெஞ்சு லேசானது. இத்தனை வருஷம் கேலிப்பொருளாக நின்ற கல் கடைசியில் தன் பக்கம் பேசப்போகிறது என்று நினைத்தார்.

விசாரணையன்று காலை மெர்சலினா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தட்டில் வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"யோவ், அங்க போய்க் கதை அளக்காத. 'டி நோஸ்'னா உங்கப்பன், நீ, நான். அதுக்கு மேல ஒரு வார்த்த கூடாது. கேட்டியா?"

"கேட்டுச்சு."

"ஒனக்கு எங்க கேக்கும். அந்த ஆளு மூஞ்சியப் பாத்தா இளிச்சிருவே."

அலுவலக அறையில் குளிர்சாதனம் ஓடியது. க்ளென் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, தலையெல்லாம் வெள்ளை. உபால்டோவைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டார். சரைடா முதலில் விண்ணப்பத்தைப் படித்தாள்.

"டீனோங்கற இத்தாலிக்கார மாலுமி வாழ்ந்த எடம்னு போட்டிருக்கு. இது யார் சொன்னது?"

க்ளென் சிரித்தார். "இவருதான்."

"அது வெளையாட்டுக்குச் சொன்னதும்மா" என்றார் உபால்டோ.

"அத விடுங்க மாமா. வருஷா வருஷம் கல்லுல எழுதினது யாரு? விண்ணப்பத்தோட வச்ச படத்துல நீங்கதான் தூரிகையோட நிக்கிறீங்க."

"நான்தான். எழுதச் சொன்னாங்க, எழுதினேன்."

சரைடா காகிதத்தை ஓரமாகத் தள்ளினாள். அவள் அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தாள், அதில் சந்தேகமில்லை. "இப்ப உள்ள விஷயம் ஒண்ணுதான். மொதல்ல வாயால சொன்னது என்ன? க்ளென் சார், நீங்க சொல்லுங்க."

க்ளென் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. முள் எடுத்ததைச் சொன்னார், கண்ணாடி கொடுத்ததைச் சொன்னார், மீன் சுட்டதைச் சொன்னார். "யாரோடதுன்னு கேட்டேன். 'டி நோஸ்'னாரு. நான் புதுசு, டீனோன்னு எழுதிட்டேன், தப்புதான். ஆனா அன்னிக்கு கைய இப்படி வீசினாரு. என்னையும் சேத்துத்தான் சொன்னாரு. எங்க ரெண்டு பேரோடதுன்னு. அதனாலதான் நான் இந்தத் தீவுலயே தங்கிட்டேன்."

சரைடா உபால்டோ பக்கம் திரும்பினாள். "மாமா, ஒரே கேள்வி. அந்த 'நோஸ்'ல யார் யாரு? உங்க குடும்பம் மட்டுமா, இவரும் உண்டா?"

ஒரே ஒரு சொல் போதும். 'மட்டும்' என்றால் குடிசை நிற்கும். உபால்டோவுக்கு அது தெரியும். வாசலுக்கு வெளியே மெர்சலினா உட்கார்ந்திருப்பதும் தெரியும். ஆனால் பாழாய்ப்போன அந்த நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது. கடலுக்கடியில் அப்பாவின் நங்கூரம், தலை தூக்கியதும் காதில் விழுந்த க்ளெனின் சிரிப்பு, மீன் வாசனை. 'மட்டும்' என்று சொன்னால் அந்த நாளே பொய்யாகிவிடும். வாழ்க்கையில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

"ரெண்டு பேரையும்தான் சொன்னேன்" என்றார்.

சரைடா பேனாவை மூடி வைத்தாள். பிறகு மறுபடி திறந்து எழுதிக்கொண்டாள்.

படிக்கட்டில் க்ளென் அவர் தோளில் கை போட்டார். "நீ உண்மையானவன் உபால்டோ. கூரை போட்டதும் எப்ப வேணா வந்து உக்காரு. டி நோஸ்தானே."

நல்லவன் என்று பட்டம் கொடுத்து நடுத்தெருவில் நிறுத்துவது எவ்வளவு சுலபம். க்ளென் அதை வஞ்சகமாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். உபால்டோ தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். சேர்த்துக்கொண்டவனைத்தான் வெளியே தள்ளினார்கள் என்பது தெருமுனைக்கு வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

மெர்சலினா முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "நாப்பது வருஷமா உன் கையால எழுதினே. இன்னிக்கு உன் வாயால சொல்லிட்டே. அவங்க எதையுமே புடுங்கலய்யா. எல்லாம் நீயே எடுத்துக் குடுத்தது." அதோடு அவள் உள்ளே போய்விட்டாள். இன்றுவரை அதைப்பற்றி அவள் மறுபடி பேசியதில்லை. பேசித் தீர்த்திருந்தால் தேவலை என்றிருக்கும் அவருக்கு.

குடிசையைப் பிரிக்க அரை நாள்கூட ஆகவில்லை. படகை மச்சான் ஒருவர் வாங்கிக்கொண்டார். நிழற்கூரை வந்தது, பெஞ்சுகள் வந்தன. நாற்காலியைத் தூக்கிப்போட மனமில்லாமல் க்ளென் அதைக் கூரைக்குக் கீழேயே போடச் சொல்லியிருந்தார். அதன்மேல் யாருடைய ஈர உடையாவது எப்போதும் காய்கிறது.

இந்த வருஷமும் கல்லுக்கு மஞ்சள் பூச உபால்டோவைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் சரி என்றுதான் சொன்னார். எழுத்துகளை முடித்துக் கொக்கியை வளைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கணவனும் மனைவியும் கடலிலிருந்து ஏறி வந்தார்கள். தலையெல்லாம் தண்ணீர் சொட்ட, முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மனைவி அவருக்குப் பக்கத்தில் குனிந்து கல்லைப் படித்தாள்.

"டீனோ யாருங்க? கீழ ஒரு பழைய நங்கூரம் பாத்தோம். அது அவரோடதா?"

கழுதையா, சமையல்காரனா, மாலுமியா என்று எல்லாக் கதையும் நாக்கு நுனிவரை வந்தது. உபால்டோ தூரிகையை டப்பாவுக்குள் போட்டார்.

"ஆமாம்மா, அவனோடதுதான்" என்றார். "அவன் செத்துட்டான்."