காத்திருக்கத் தெரியாதவனின் ஆராய்ச்சி

பல துறைகளைக் கலந்து படிக்கும் எம்.ஏ.வில் சேர்ந்தவர்களிடம் "என்ன படிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. வேலையை விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும்போது இதில் வந்து மாட்டிக்கொண்ட என் சக பாவிகளுக்கு அந்த அவஸ்தை தெரியும்.

மூன்றாவது தலைப்பு

ஆய்வுக்குச் சுவரொட்டிகளை எடுத்தேன், அலுத்துவிட்டது. பூங்காக்கள் என்றேன், அதுவும் கசந்தது. மூன்றாவதாக 'சென்னையில் காத்திருத்தல்' என்று எழுதிக்கொண்டு, அடையாறில் என் வழிகாட்டிப் பேராசிரியை முன் போய் நின்றேன். பஸ் ஸ்டாப், கிளினிக், ரேஷன் கடை என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது மூணாவது. ஆய்வுக் கமிட்டி இதை ஒத்துக்கலைன்னா கோர்ஸ்லேருந்தே உங்க பேரை எடுத்துடுவாங்க. முதல்ல கொஞ்சம் உட்காருங்க சார்!"

களப்பணி

தி. நகர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து கவனிப்பதாகத் திட்டம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கோடிக்குப் போனேன், இந்தக் கோடிக்கு வந்தேன், டீ குடித்தேன். திரும்பினால், நான் பேட்டி எடுக்க நினைத்த குடும்பம் பஸ் ஏறிப் போயிருந்தது. பெரிய பையோடு நின்ற ஒருவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், அங்கியும் இங்கியும் போய்க்கினே கீறே? எதுனா தொலைச்சிட்டியா?"

கமிட்டி

சரித்திரப் பேராசிரியருக்கு உளவியல் பகுதி பிரமாதம், சரித்திரம்தான் போதவில்லை. உளவியல் பேராசிரியருக்குச் சரித்திரம் பிரமாதம், உளவியல்தான் இளைத்துவிட்டது. சமூகவியல்காரர் இரண்டையும் பாராட்டிவிட்டுத் தன் துறையைத் தேடினார்.

முடிவு சொல்லும்வரை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். சாந்தோமில் டீச்சராக இருக்கும் என் மனைவி ஸ்டெல்லாவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. பேரை எடுத்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து, கேட்டைத் தாண்டி எங்கோ நடந்துவிட்டேன். வழிகாட்டியிடமிருந்து போன் வந்தது. "தலைப்பு பாஸ். ஆனா சொல்லலாம்னு கூப்பிட்டா ஆளையே காணோம். காத்திருக்கிறதைப் பத்தி எழுதப் போறது இவர்தானான்னு கமிட்டி கேக்குது!"

வீட்டில்

ஸ்டெல்லா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். யார் யாரையெல்லாம் பேட்டி எடுக்கப்போகிறேன் என்று கூடத்தில் நடந்தபடியே சொல்லிக்கொண்டு போனேன். அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "நீ ஒரு இடத்துல நிலைச்சு உட்காருவேன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து காத்துட்டிருக்கேன். என்னை ஏன் நீ கேக்கவே இல்ல?"

இத்தனை துறைகளைக் கலந்து படிக்கிறவனுக்கு, அந்தப் பேட்டிக்கு அவள் எதிரில் உட்காரத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.