மூன்றாவது பாறைக்குப் போகும் வழி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கடியப்பட்டணம் கரையில் நான் முதலில் கண்டது, கடலில் தள்ளக் காத்திருந்த ஒரு நீல வள்ளத்தையும், அதன் முனையில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த அருளப்பனையும்.

அவருக்கு நான் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய அண்ணன் என்னை நம்பிக் காட்டிய ஓர் இடத்தை, போடாதே என்று சொன்ன பிறகும், அச்சில் போட்டேன். பழி அருளப்பன்மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை... இன்றுவரை.

அது 2009, பிப்ரவரி. நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் நிருபர் நான். வயது இருபத்தேழு. சாலை விபத்து, குடிநீர்க் குழாய், வடசேரிச் சந்தையில் காய்கறி விலை என்று எழுதிக்கொண்டிருந்தவளிடம், சென்னைப் பதிப்பின் ஞாயிறு இணைப்புக்குப் பயணக் கட்டுரை கேட்டார்கள். எல்லோரும் குமரிமுனைப் படகுத்துறையில் வரிசையில் நிற்பார்கள். நான் கடியப்பட்டணத்துக்கு எதிரே கடலில் நிற்கும் மூன்று பாறைகளுக்குப் போக முடிவு செய்தேன். சுற்றுலாப் படகு எதுவும் அங்கே போவதில்லை.

அண்ணன் சூசை எஞ்சினைப் பிடித்தார். தம்பி அருளப்பன் முன்னால்.

"மேடம், வாந்தி வந்தா கடலுக்குள்ள எடுக்கணும். எனக்க மேல எடுத்துராதீங்க."

"நீ மொதல்ல பல்லத் தேச்சு முடி" என்றார் சூசை.

முதல் பாறை பறவை எச்சத்தால் வெள்ளையாக இருந்தது. இரண்டாவதில் இடுப்பளவு நீரில் நின்று சிப்பி பெயர்த்துத் தின்றோம். மூன்றாவதுக்குப் போகும் வழியில் சூசை எஞ்சினை அணைத்தார். சுற்றிலும் வெறும் நீர். எந்த அடையாளமும் இல்லை.

"கரையப் பாரு, மக்கா."

பார்த்தேன். கோயில் கோபுரத்துச் சிலுவை, பின்னாலிருக்கும் மலையின் இரண்டாம் பள்ளத்தில் சரியாக இறங்கியிருந்தது. கிழக்கே, முட்டத்துக் கலங்கரை விளக்கம் ஓர் ஒற்றைப் பனையை மறைத்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம் ஒன்றுதான். அங்கே நீருக்கடியில் ஒரு பாறை. அதைச் சுற்றிக் கலவா மீன்.

"இந்த எடத்த அப்பன் எனக்கும் இவனுக்கும் மட்டும்தான் சொல்லித் தந்தாரு. இத மட்டும் பேப்பர்ல போடாத, கேட்டியா?"

கேட்டேன். தலையையும் ஆட்டினேன்.

மூன்றாவது பாறையில் அலை மோதிக்கொண்டிருந்தது. வள்ளத்தைக் கட்ட முடியாது. நெருங்கும் நொடியில் குதிக்க வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது.

"சாடு மக்கா, சாடு!"

சாடினேன். முழங்கால் கிழிந்தது. எழுந்து நின்றேன்... முன்னால் நிலமே இல்லாத கடல், பின்னால் என் மாவட்டம் முழுவதும், கரையும் தென்னையும் மலையும், என் உள்ளங்கை அகலத்தில்! இந்தப் பாறையில் கால் வைத்த பெண் வேறு யாரும் தனக்குத் தெரிந்து இல்லை என்று அருளப்பன் கத்திச் சொன்னார். அந்த நாளை வருத்தத்தோடு எழுத எனக்கு இன்னும் வரவில்லை. நான் வென்ற நாள் அது.

கட்டுரையை அன்று மாலையே எழுதினேன். சிலுவை, பள்ளம், கலங்கரை விளக்கம், பனை... நான்கையும் ஒரே வாக்கியத்தில் வைத்தேன். போடாதே என்ற குரல் காதில் இருந்ததா? இருந்தது. தெளிவாகவே இருந்தது. சென்னையில் யார் இதைப் படித்து இங்கே மீன் பிடிக்க வரப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுகூட இல்லை. அந்த வாக்கியம் அழகாக இருந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை.

சென்னை கொண்டாடியது. வாராவாரம் ஒரு கடற்கரை, ஒரு தீவு என்று எனக்குத் தனிப் பத்தி கொடுத்தார்கள். பிறகு ஒரு வாசகர் கடிதம் வந்தது. தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நான்கு நண்பர்கள். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் வள்ளம் அமர்த்தி, நான் சொன்ன இடத்துக்கே போயிருக்கிறார்கள். 'உங்கள் துல்லியத்துக்கு நன்றி. வள்ளக்காரரே அசந்துவிட்டார்' என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். கடந்துபோகும்போதெல்லாம் நான் அதை நிமிர்ந்து பார்த்தேன்.

ஏப்ரலில், அந்த ஞாயிறு இணைப்பின் ஐந்து பிரதிகளோடு கடியப்பட்டணம் போனேன். எங்கள் ஊர்ப் பதிப்பில் அது வருவதில்லை. அண்ணனும் தம்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். மீன் ஏலம் முடிந்த மணலில் இருவரும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். பக்கத்து ஊர் வள்ளங்கள் ஏழெட்டு, அப்பன் காட்டிய அந்த இடத்தில் நாள்தோறும் நிற்கின்றன என்றார் சூசை.

"குடிச்சிட்டு எவன்கிட்டயோ ஒளறியிருக்கான்."

"நான் சொல்லேல்லண்ணே. மாதா மேல ஆணை."

"பின்ன மீனா வந்து சொல்லிச்சு?"

அருளப்பன் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. நான் அப்பிடிச் சொல்லக்கூடிய ஆளா?"

என் தோள்பையில் ஐந்து பிரதிகள். ஒன்றை எடுத்து நீட்டினால் போதும்.

"இல்லை, நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"நீ பாவம், மக்கா. உனக்கு இவனத் தெரியாது" என்றார் சூசை.

பிரதிகளோடு திரும்பி வந்தேன். ஏன் நீட்டவில்லை? சூசைக்குப் பயந்தா? இல்லை. மறுநாள் லட்சத்தீவுக்குக் கப்பல். என் பெயர் போட்ட பயணச்சீட்டு அதே பையில் இருந்தது. அவ்வளவுதான்!

பிறகு அந்தமான், மாலத்தீவு, இலங்கையின் கிழக்குக் கரை... எத்தனை படகிலிருந்து எத்தனை கரைகளில் குதித்தேன்! ஒவ்வொன்றையும் துல்லியமாக எழுதினேன். பரிசும் வாங்கினேன். நான் எழுதியதில் சிறந்த வாக்கியம் எது என்று நீங்கள் கேட்டால், இப்போதும் சிலுவையையும் பள்ளத்தையும்தான் சொல்வேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்... இதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அண்ணன் தம்பி எஞ்சினை விற்றுப் பிரிந்தார்கள். அருளப்பன் கொச்சிக்குப் போய் யாருடைய விசைப்படகிலோ கூலிக்குச் சேர்ந்தார்.

2014இல் சூசையின் மகளுக்குக் கல்யாணம். வீடு தேடி வந்து என்னை அழைத்தார். முதல் பந்தியில், மணமகளின் தாய்மாமனுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அருளப்பனை அழைக்கவில்லை.