வகுத்தல் அக்கா

"எத்தனை பேர்ல பாதி?" என்று கேட்டுக்கொண்டே லிஃப்டிலிருந்து இறங்குவார் அக்கா. பாதிப் பேர் லீவு என்று யாரோ வாய்தவறிச் சொல்லியிருப்பார்கள். "நான் ஒண்ணு பேசினா நீ ரெண்டு பேசுற" என்று கணவர் போனில் சலித்துக்கொண்டால், "எந்த வாரக் கணக்குங்க?" என்பார். எங்கள் கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவருக்கு வகுத்தல் அக்கா என்றே பெயர்.

மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒன்று. எந்தெந்த மருத்துவமனையிலிருந்து எந்த வார்டுகளைப் பொறுக்கினோம் என்று மென்பொருளுக்குச் சொல்லாமல் பொத்தானைத் தொடமாட்டார். "சொல்லலைன்னா, கொஞ்சம் வார்டைப் பாத்துட்டு எல்லாத்தையும் பாத்த மாதிரி அதுக்கு இல்லாத தைரியமெல்லாம் வந்துடும்."

போன வாரம் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்ற அறிக்கை. ஆறைத் தாண்டினால்தான் புது நர்ஸ்கள் கிடைப்பார்கள். அறிக்கையில் ஐந்து என்று இருந்தது. ஆள் கேட்டு வந்திருந்த தலைமை நர்ஸ் இயக்குநர் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் பேனாவைத் திறக்கும்போது அக்கா உள்ளே போனார்.

"சார், வார்டு வார்டா வகுத்துட்டு அப்புறம் சராசரி எடுத்திருக்காங்க."

"வேற எப்படிம்மா எடுக்குறது?"

அக்கா ஒரு தாளை இழுத்தார். "சும்மா மூணு வார்டு வச்சுக்கோங்க. சின்னது ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நோயாளி, ஒரு நர்ஸ். பெரிசுல நாப்பத்துநாலு பேருக்கு நாலு. ரெண்டு, ரெண்டு, பதினொண்ணு. சராசரி அஞ்சு. மொத்தமாக் கூட்டுங்க. நாப்பத்தெட்டு பேரு, ஆறு நர்ஸ். எட்டு."

சராசரிக்குள் ஒரு பெரிய வார்டே மூழ்கிக் கிடந்தது.

"நம்ம கணக்கையும் அப்படியே போட்டேன். அதுவும் எட்டுதான்."

"தற்செயலா வந்திருக்கலாமே?"

"சோதிச்சாச்சு சார், மென்பொருள் தந்த தாள் இதோ. வேற வார்டுங்களைப் பொறுக்கியிருந்தாலும் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவுலதான் ஆடுது. ஆறு பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை."

இயக்குநர் மென்பொருள் தந்த தாளை இரண்டு முறை புரட்டினார். ஐந்தை அடித்தார். எட்டு என்று எழுதி, புது நர்ஸ்களுக்கான பரிந்துரையில் கையெழுத்திட்டார்.

"உன்கிட்ட மாட்டினா தப்ப முடியாதும்மா."

"முடியும் சார். கூட்டிட்டு வகுத்தா."

வெளியே வந்து தலைமை நர்ஸிடம், "ஆள் வருது" என்று மட்டும் சொன்னார். தன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த கோப்புகளைத் தரையில் இறக்கிவிட்டு, அவர் கால் நீட்டிக்கொள்ள அதையும் முன்னால் தள்ளினார்.