மச்சானின் நீலப் பை

இறால் வைக்கும் தெர்மாகோல் பெட்டிக்கு மேலே ஆணியில் ஒரு கேரி பேக் தொங்குகிறது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலப் பை. தொட்டால் ஆறிய கஞ்சியைப் போலக் கொழகொழவென்று இருக்கும். ஐஸில் அரை மணி நேரம் புதைத்து எடுத்தால் சில்லென்று ஆகும், ஆனால் கல்லாகாது; கழுத்தின் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். மூன்று வருடங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் மச்சானுக்குக் கொடுத்தது. லேசர் வைத்த இடத்தில் எரிச்சல் அடங்க ஒற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் எளாவூருக்குக் குடிபோனபோது எங்கள் வீட்டிலேயே விட்டுப்போனான். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் கண் இறாலுக்கு முன்பு அதன்மேல்தான் போகும். அதை நான் ஒரு நாளும் நிம்மதியாகப் பார்த்ததில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஒரு வயது பெரியவன், சின்ன வயதிலிருந்தே படகில் என் கூட்டாளி. எங்கள் இருவருக்கும் பிறவியிலேயே ஒரே மாதிரி கறை இருந்தது. நாவல்பழத்தைப் பிழிந்து தேய்த்தது போலச் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். எனக்கு இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கி உதடு வரை. அவனுக்கு வலது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து முழுக்க. கிரகணத்தின்போது எங்கள் அம்மாக்கள் எதையோ தொட்டுவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதற்கும் இந்தக் கன்னம்தான் காரணம். ஆறாம் வகுப்பு படிக்க ஆரம்பாக்கம் போகவேண்டும், அங்கே புதிய கண்கள் என்னைப் பார்க்கும். மச்சான் கழுத்தைச் சுற்றி எந்நேரமும் ஒரு துண்டு போட்டிருப்பான். கன்னத்துக்குத் துண்டு போட முடியாது. அதனால் நான் படகில் எப்போதும் இடது ஓரம் உட்காருவேன், கறை ஏரியைப் பார்க்கும்படி. அவன் வலது ஓரம். கரையில் மீன் வாங்க நிற்கும் பெண்கள், "ரெண்டு பேரையும் ஒட்ட வச்சா ஒரு நல்ல மூஞ்சி தேறும்" என்று சிரிப்பார்கள். "தேறுச்சுனா நீ கட்டிக்கிறியா?" என்று மச்சான் திருப்பிக் கேட்பான். நான் வலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

எனக்குக் கல்யாணம் நடந்ததே அவன் கழுத்தால்தான். மூன்று இடங்களில் பெண் கேட்டோம். மூன்று வீட்டிலும் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவே இல்லை. கடைசியில் மச்சான் வீட்டிலேயே கேட்டோம். அவன் நைனா அதிகம் யோசிக்கவில்லை. "எம் பொண்ணு பொறந்ததுலேர்ந்து இத்த பாத்துகினுதான் கீது. அதுக்கு இது புச்சு இல்ல" என்றார். அது உண்மைதான். வாழ வந்த நாளிலிருந்து அவள் என் கன்னத்தை வெறும் கன்னமாகத்தான் பார்த்தாள். அப்படிப் பார்த்த கண்கள் இந்த உலகத்தில் அவளுடையவை மட்டும்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. மச்சானுக்குத்தான் பெண் அமையவில்லை. நாற்பது தாண்டியும் தனியாகவே இருந்தான். அதைப் பற்றி நான் அப்போது பெரிதாக நினைத்ததில்லை.

சுண்ணாம்புக்குளத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போன மச்சானை, துண்டை எடுக்கச் சொன்ன நர்ஸம்மாதான் முதலில் லேசரைப் பற்றிச் சொன்னார். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம். நான் துணைக்குத்தான் போனேன். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். ஒரு கண்ணாடித் துண்டை மச்சான் கழுத்தில் வைத்து அழுத்தினார், அழுத்திய இடம் வெளுத்தது. தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் விரிந்து கிடக்கின்றன, லேசர் வெளிச்சம் அவற்றை மட்டும் சுட்டு மூடிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். பல தடவை வரவேண்டும், முழுதாகப் போகும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் கழுத்தில் இருப்பது நன்றாகவே மங்கும் என்றார். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் மூன்று வாரம் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் பார்க்கலாமே. முகத்தை இந்தப் பக்கம் காட்டுங்க" என்றார். அறையில் ஏழெட்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். என் தலை திரும்பவில்லை. "எனக்கு வேணா மேடம்" என்றேன்.

ரயிலில் மச்சான் ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டான். கூச்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏரியில் எங்களுக்குப் பாடு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் சீட்டுப் போட்டுப் பிரித்துவைக்கும்; முறை வந்த நாளில் போகாவிட்டால் அது போனதுதான். இரண்டு பேரும் வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தால் பாட்டை யார் பார்ப்பது, நீ முதலில் சரியாகு என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பொய் என்னை முந்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது. மச்சானுக்காகத் தன் முகத்தை விட்டுக்கொடுத்தவன் என்று கோயிலடியில் பேசினார்கள். மாமியார் கண் கலங்கினார். யாரும் என்னை அதுவரை அப்படிப் புகழ்ந்ததில்லை, அதனால் நானும் மறுக்கவில்லை.

மச்சான் முதல் தடவை லேசர் வைத்துவந்த வாரம் அவன் கழுத்தில் கறுத்த வட்டங்கள், நாணயம் நாணயமாக. முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. அவன் எங்கள் வீட்டு நிழலில் நீலப் பையை ஒற்றிக்கொண்டு படுத்திருப்பான். நான் அவன் பங்குக்கும் சேர்த்து வலை இழுத்துவிட்டு முதுகு காய்ந்து வருவேன். "சுடறதுக்கு முன்னாடி புஸ்ஸுனு ஒரு குளிர் அடிக்குது பாரு மாப்ள, அதுலதான் கீது சூட்சுமமே. அப்பால ரப்பர் பேண்டால சுண்டுன மாதிரி, அவ்ளோதான்" என்று சொல்வான். வட்டங்கள் உதிர்ந்து போனதும் கறை இளஞ்சிவப்பானது. அடுத்த தடவை இன்னும் மங்கியது. ஒவ்வொரு தடவையும் அவன் கழுத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று அவனைவிட நான் கூர்ந்து பார்த்தேன். காதுக்குப் பின்னால் பிடிவாதமாக நின்ற ஒரு திட்டைப் பார்த்தால் மட்டும் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

நான்காவது தடவைக்குப் பிறகு ஒருநாள் அவன் துண்டைக் கழற்றி எங்கள் வீட்டு ஆணியில் மாட்டினான். திரும்ப எடுக்கவே இல்லை. என் மனைவி அவன் கழுத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்து, "இந்தக் கழுத்த நா பொறந்ததுலேர்ந்து பாத்ததில்லண்ணா" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இத்தனை வருடமாக வெறும் கன்னத்தைப் பார்த்த கண்கள் அன்றைக்குக் கறையைப் பார்த்துவிட்டன என்று நான் முடிவு செய்துகொண்டேன். எனக்கு இருந்த ஒரே இடத்தையும் மச்சான் பறித்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. குளிரில்தான் சூட்சுமம் என்று அவன் சொன்னது மனதில் ஓடியது. குளிருக்கா எனக்குப் பஞ்சம்? இறாலைத் தூரத்துக்கு அனுப்பும்போது நொறுக்கிய ஐஸில் கைப்பிடி உப்பைத் தூவுவோம். உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுமையாகக் குளிரும், ஈர விரலை வைத்தால் ஒட்டும். ஒரு துணியில் அதைக் கட்டிக் கன்னத்தில் வைத்து எண்ண ஆரம்பித்தேன். நூறு வரை உயிர் போகும் வலி. அதற்குப் பிறகு கன்னம் இருப்பதே தெரியவில்லை. குணமாகிறது என்று நினைத்து இன்னும் எண்ணினேன். துணியை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தபோது நடுக் கன்னம் மெழுகு போல வெளுத்திருந்தது. அந்த இடத்தில் கறை இல்லை. நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து நான் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் ரத்தம் திரும்பி வந்து தீயாய் எரிந்தது. சாயங்காலம் முட்டை அளவுக்குக் கொப்புளம் எழும்பிவிட்டது.

மனைவி கொப்புளத்தைப் பார்த்தாள், உப்புப் பூத்த துணியைப் பார்த்தாள், ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தாள். அவன் என் எதிரில் குந்தி உட்கார்ந்து கொப்புளத்தைக் கிட்டத்தில் பார்த்தான். பிறகு, "எம்மேல வயித்தெரிச்சலா மாப்ள?" என்று மெல்லக் கேட்டான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டரம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னது கூச்சத்தால்தான், உனக்காக இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "எனுக்கும் இருந்துச்சு. எங் கழுத்த காட்டித்தான் ஒனுக்குப் பொண்ணு குட்த்தாரு எங்க நைனா. ஒன்னவிட எனுக்குக் கறை கம்மி. ஒரே படகுல எதிர்ல குந்திகினு, நீ கட்டியார சோத்துப் பொட்டலத்த நா எத்தினி வருசம் பாத்திருப்பேன்?" என்றான்.

அந்தப் பொட்டலத்தில் பாதியை அவனுக்கு நான் தினமும் கொடுத்திருக்கிறேன். அவன் அதை எப்படித் தின்றான் என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவன் போன பிறகு மனைவியிடம், அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டு ஏன் திரும்பிக்கொண்டாய் என்று கேட்டேன். "நீ எங்கண்ணன பாத்துகினு இருந்த பார்வைய பாத்தேன். பயமா இருந்துச்சு" என்றாள். கறையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

மச்சானே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா திட்டவில்லை. குளிர் என்பது மருந்தே இல்லை, மேல்தோல் வெந்துபோகாமல் காக்க ஒரு நொடி அடிப்பது, வேலை செய்வது வெளிச்சம்தான் என்றார். உப்பு ஐஸ் என் தோலையே கொன்றுவிட்டது. புண் ஆறியபோது கறையின் நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, சுற்றியிருக்கும் கறைக்கு லேசர் வைக்கலாம் என்றார். ஆனால் கன்னத்தின் நடுப்பகுதி லேசில் மங்காது, என்னுடையது வயதாகித் தடித்தும் போய்விட்டது, மச்சானுக்கு மாறிய அளவுக்கு மாறாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டு வருடம் நான் போகாமல் இருந்தேன். அவனைவிடக் குறைவு என்றால் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

இதற்கிடையில் அவனுக்குக் கல்யாணமானது. எளாவூர்ப் பக்கத்துப் பெண். ஏரியை விட்டுவிட்டு அங்கேயே ரோட்டோரம் மீன் கடை போட்டிருக்கிறான். வருகிற போகிற ஜனங்கள் முகத்துக்கு நேராகக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு விற்கிறானாம். படகில் வலது ஓரத்தில் இப்போது வேறு ஒருவர் உட்காருகிறார். நான் அதே இடது ஓரம்தான்.

போன மாதம் மனைவி சொன்னாள். "அண்ணன் மாரி ஆவணும்னு போவாத. ஒனுக்கு எவ்ளோ போவுதோ அவ்ளோ போவட்டும். போய்ட்டு வா." அவள்தான் அவனுக்கும் போன் செய்திருக்கிறாள். நாளைக்கு எனக்கு முதல் தடவை. என் பாட்டைப் பார்க்க மூன்று வாரத்துக்குக் கடையை மூடிவிட்டு மச்சான் வந்திருக்கிறான். மத்தியானம் வாசலில் நின்று, "இன்னா மாப்ள, எம் பக்கம் எடம் காலி பண்ட்டியா?" என்றான். கழுத்தில் ஒன்றும் இல்லை. காதுக்குப் பின்னால் அந்தத் திட்டு மட்டும் லேசாக நின்றது. என் கண் முதலில் அங்கேதான் போயிற்று.

சாயங்காலம் நீலப் பையை ஆணியிலிருந்து எடுத்துக் கழுவி ஐஸில் புதைத்தேன். காலையில் ரயிலுக்கு எடுத்துப்போக வேண்டும். மூடியை மூடும்போது, நாளைக்கு ஏரியில் வெயில் கொஞ்சம் கடுமையாக அடிக்கட்டும், அந்தக் கழுத்து கொஞ்சம் கறுக்கட்டும் என்று மனது சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு உள்ளே போய், அவன் விட்டுப்போன பழைய துண்டைத் தேடி எடுத்து, அவன் தலைமாட்டில் மடித்து வைத்தேன்.